எடை குறையும்போது: வெள்ளிப் பட்டறையில் விசாரிக்கும் முறை

சேலம் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பகுதிகளில் வெள்ளிக் கொலுசு வேலை பெரும்பாலும் சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் நடக்கிறது. உருக்குவது, கம்பி இழுப்பது, வளையம் கோப்பது, பற்றவைக்கும் பொடி இட்டு ஊதுவது, மெருகிடுவது என ஒரே கொலுசு பல கைகள் மாறும். கொடுத்த வெள்ளியும் திரும்பி வந்த சரக்கும் எடையில்தான் நேராகும். பேசிய சேதாரத்துக்கு மேல் எடை குறைந்தால், பட்டறை நடத்துபவர் விசாரித்தாக வேண்டும்.

குறைவுக்குத் திருட்டு மட்டுமே காரணம் அல்ல. உருக்கும்போது கொஞ்சம் வெள்ளி மூசையிலும் கசடிலும் ஒட்டும். அராவிய தூள் தரையில் சிந்தும். பட்டறை மண்ணைக்கூட எறியாமல் சேர்ப்பது அதனால்தான். பழைய கொலுசை உருக்கினால், பற்றவைத்த பொடியில் துத்தநாகம் இருக்கும்பட்சத்தில் அதில் ஒரு பகுதி புகையாகப் போய்விடும். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. வெள்ளி உருகவோ சுமார் 962 டிகிரி வேண்டும்.

எனவே முதல் வேலை, வேலை செய்தவர் முன்னிலையில் அதே தராசில் மறுபடி நிறுப்பது. அடுத்தது, அவரைத் தனியே அழைத்துக் கேட்பது. உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கூடி வேலை செய்யும் இடத்தில் நாலு பேர் முன்னால் விழும் சொல் வீடுவரை போகும். “வெள்ளி எங்கே போச்சு?” என்பதில் தீர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது, “வேலை எப்படிப் போச்சு, சொல்லுங்க” என்பதில் இல்லை. முன்பணம் வாங்கியவர் தயங்கித்தான் பேசுவார். அந்தத் தயக்கத்தைக் குற்றத்துக்குச் சாட்சியாக எடுக்கக்கூடாது. இடைமறிக்காமல் கேட்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

பிறகு, அதே உருக்கிலிருந்து வெள்ளி வாங்கிய மற்றவர்களின் கணக்கைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் குறைந்திருந்தால் கோளாறு உருக்கிலோ வந்த வெள்ளியிலோ இருக்கும். ஒருவருக்கு மட்டும் ஒருமுறை குறைந்தால் குறித்துவைத்து அடுத்த சரக்கைப் பார்க்கலாம். அவருக்கே தொடர்ந்து குறைந்து, வேறு காரணமும் தென்படாவிட்டால் கண்டிப்பான முடிவு தேவை. தீர்ப்பைத் தள்ளிவைப்பது கணக்கைக் கைவிடுவது ஆகாது.

அவசரப்பட்டுப் பழி சுமத்தும் பட்டறையில் பொடி சரியில்லை, பற்று விட்டிருக்கிறது என்பதைக்கூட யாரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். அந்தக் குறை கடைக்காரர் திருப்பி அனுப்பும் சரக்கில்தான் வெளிவரும்.