முன் ஃபோர்க்குக்கு நாமே பெயிண்ட் அடிக்கலாமா?



வண்டிக்கு வீட்டிலேயே மெருகு போட்டால் காசு மிச்சம்தான். ஆனா முன் ஃபோர்க், அதாவது முன்பக்க ஷாக்அப்சர், அழகுக்கு உள்ளது இல்லை. பிரேக் பிடிக்கும்போது பாரத்தில் பெரும்பகுதி அதன் மேல்தான் இறங்குகிறது.

கழற்றும் முறை:

1. சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜினுக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுங்க. முன்சக்கரம் தரையில் படக்கூடாது.

2. குழாய் வண்டியில் இருக்கும்போதே மேல்மூடியைச் சற்றுத் தளர்த்துங்க.

3. சக்கரம், மட்கார்டு கழற்றிய பின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திக் குழாயை இறக்குங்க.

4. மூடிக்கு அடியில் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். முகத்தை விலக்கி, மூடியை அழுத்திக்கிட்டே திறங்க.

5. ஆயிலை டப்பாவில் வடியுங்க. கிணற்றடியில் ஊற்றாதீங்க.

6. அடிப்போல்ட்டைக் கழற்றி உள்குழாயை உருவுங்க.

கவனம்: பளபளக்கும் உள்குழாயில் உப்புத்தாளும் பெயிண்ட்டும் படவே கூடாது. குரோம் பூச்சில் கீறல் விழுந்தால் ஆயில் சீல் கிழியும். கசியும் ஆயில் பிரேக்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது, உயிருக்கே ஆபத்து. வெளிக்குழாய்க்கு மட்டும் பெயிண்ட் அடிங்க. சீல் உட்காரும் வாயை டேப் ஒட்டி மறையுங்க.

மாட்டும்போது புது ஆயில் சீல் போடுங்க. வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுப்படி புது ஆயில் ஊற்றுங்க.

தைரியம் வரவில்லையா? கழற்றி மாட்டுவதை மெக்கானிக்கிடம் விடுங்க. பெயிண்ட் வேலையை நாம செய்வோம். அந்தக் கூலியும் மிச்சம்தானே!