ஐரோலியிலிருந்து திருச்சபைச் சட்டம் படிக்க

"ஃபாதர், கோர்ட்டுல டைவர்ஸ் ஆயிடுச்சு. இனி கோயில்ல கல்யாணம் பண்ணி வைப்பீங்களா?"

தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் நிற்பவர் கேட்கும் இந்தக் கேள்விக்குப் பதில் திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. அதை முறையாகப் படித்த தமிழர், குருக்கள் மட்டுமன்றிப் பொதுநிலையினரும் பெண்களும், நமக்கு இன்னும் வேண்டும். படிக்க விரும்பும் நவி மும்பை ஐரோலிக்காரருக்கு இதோ வழி.

1. எந்தச் சட்டம் என்று முடிவு செய்யுங்கள்

கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சட்டத் தொகுப்புகள் இரண்டு. 1983இல் வெளியான இலத்தீன் தொகுப்பில் 1752 சட்டங்கள். 1990இல் வெளியான கீழைத் திருச்சபைத் தொகுப்பில் 1546. தமிழ்க் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் இலத்தீன் முறையினர். சீரோ மலபார் குடும்பங்களுக்குக் கீழைத் தொகுப்பு. பெங்களூரில் முதலாவதைப் புனித பேதுரு பாப்பிறை நிறுவனத்திலும், இரண்டாவதைத் தர்மாராம் வித்யா க்ஷேத்திரத்திலும் படிக்கலாம்.

புத்தகம் வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். திருமண வழக்கு நடைமுறை 2015இலும், தண்டனைகள் பற்றிய ஆறாம் நூல் 2021இலும் மாறிவிட்டன.

2. ஆண்டுகளைக் கணக்கிடுங்கள்

இறையியல் முடித்தவருக்கு லைசென்ஷியேட் என்னும் முதுநிலைப் பட்டம் மூன்று ஆண்டு. மெய்யியலும் இறையியலும் படிக்காதவர், எல்.எல்.பி. முடித்திருந்தாலும், அதற்கு முன் இரண்டு ஆண்டு அடிப்படைப் படிப்பு படிக்க வேண்டும். இது 2002இல் உரோமை வகுத்த விதி. ஆக, அவருக்கு ஐந்து ஆண்டுக்குப் பணமும் மனமும் வேண்டும்.

3. விண்ணப்பத்துக்கு முன் பேராயர் இல்லம்

ஐரோலி பம்பாய் உயர்மறைமாவட்டத்தில் இருக்கிறது. முதலில் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். பிறகு பேராயர் இல்லத்தில், திருச்சபைத் தீர்ப்பாயத்தில் ஆள் தேவையா, படித்து வந்தால் பணி கிடைக்குமா என்று கேளுங்கள். தீர்ப்பாயத்தில் யாரையும் நியமிப்பவர் ஆயரே. அவர் அறியாமல் வாங்கும் பட்டம் சுவரில்தான் தொங்கும்.

4. இலத்தீனை இன்றே தொடங்குங்கள்

சட்டத்தின் அதிகாரபூர்வ வாசகம் இலத்தீன். தினம் அரைமணி நேரம் போதும். ஓராண்டில் அச்சம் போய்விடும். பலன் உடனே தெரியும். நம்மவர் 'கோயில் டைவர்ஸ்' என்பதைச் சட்டம் 'நுல்லித்தாஸ்', அதாவது 'செல்லாமை' என்கிறது. தீர்ப்பாயம் திருமணத்தை முறிப்பதில்லை. அது தொடக்கத்திலேயே செல்லாததாக இருந்தது என்று அறிவிக்கிறது.

5. வெளிநாடு என்றால்

பெல்ஜியத்தின் லூவனிலும், கனடாவில் ஒட்டாவாவின் புனித பவுல் பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலத்தில் படிக்கலாம். சிறிய துறை, பல நாட்டு மாணவர். ஆப்பிரிக்கக் குருவும் ஐரோப்பிய வழக்கறிஞரும் பக்கத்தில் உட்கார்ந்து வாதிடுவதே பாதிப் படிப்பு. சேருமுன் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: தருவது திருப்பீடம் ஏற்கும் லைசென்ஷியேட் பட்டமா, வெறும் பல்கலைக்கழகப் பட்டமா? தீர்ப்பாயப் பணிக்கு முன்னதுதான் உதவும்.

6. நாட்டுச் சட்டத்தையும் படியுங்கள்

திருச்சபைத் தீர்ப்பு இந்திய நீதிமன்றத்தில் விவாகரத்து ஆகாது. மோலி ஜோசப் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. திருச்சபைத் தீர்ப்பை ஏற்கக் கோரிய கிளாரன்ஸ் பாய்ஸ் மனுவை 2017இல் தள்ளுபடி செய்து உறுதிப்படுத்தியது. கிறிஸ்தவருக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் தனி வழி. இரண்டு கதவையும் தட்ட வேண்டும் என்று வருகிறவரிடம் முதல் நாளே சொல்வது உங்கள் கடமை.

7. எந்த நாற்காலி என்று தெரிந்துகொள்ளுங்கள்

லைசென்ஷியேட் பெற்ற பொதுநிலையினர், செல்லாமைக்கு எதிராக வாதிடும் திருமணப் பிணைப்பின் பாதுகாவலராகலாம். 2015 முதல், மூவர் அமரும் நீதிபதிக் குழுவில் இருவர் பொதுநிலையினராக இருக்கலாம்.

அந்த நாற்காலியில் தமிழ் தெரிந்தவர் இருப்பது ஏன் முக்கியம்? தாராவியிலிருந்து வரும் ஒரு பெண் "சம்மதிச்சேன்" என்று சொல்லலாம். "சம்மதிக்க வெச்சாங்க" என்றும் சொல்லலாம். ஆங்கிலக் குறிப்பில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடக்கூடும். வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ நடந்த திருமணம் செல்லாது என்கிறது சட்டம் 1103. அந்த 'வெச்சாங்க' காதில் விழுந்து, "யார் வெச்சாங்கம்மா?" என்று அடுத்த கேள்வி கேட்பவராக நீங்கள் இருக்க வேண்டும்.