நாயைக் கடித்த நுளம்பு

மாரி தொடங்கி, செட்டிபாளையத்தின் வாவிப் பக்கத்து வளவுகளில் தண்ணீர் நிற்க ஆரம்பித்ததும் நுளம்பு வலையைத் தேடி எடுக்கிறோம். பிள்ளைகளை வலைக்குள் படுக்க வைக்கிறோம். மாட்டுப் பட்டியில் புகை போடுகிறோம். வாசலில் கட்டியிருக்கும் நாயைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. "அதற்குத்தான் மயிர் இருக்கிறதே" என்பார்கள். மூக்கு, காது, கண் இமை, வயிறு ஆகிய மயிர் குறைந்த இடங்களே நுளம்புக்குப் போதும். சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு எழுந்து வேறிடம் போகவும் வழியில்லை.

வாயில்லாச் சீவன் என்ற இரக்கம் நல்லதுதான். ஆனால் அதற்காக மட்டும் இப்பாடத்தை எழுதவில்லை. நாயைக் கடித்த நுளம்பு அடுத்து யாரைக் கடிக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நமது நாட்டு நாய்களின் உடலில் டைரோபிலாரியா ரெபென்ஸ் என்ற புழு பரவலாகக் காணப்படுகிறது. வெள்ளை நூல் போன்றது. பெண் புழு 10 முதல் 17 சென்ரிமீற்றர் வரை வளரும். தோலுக்குக் கீழே வாழ்ந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளை இரத்தத்தில் விடுகிறது. நுளம்பு இரத்தம் குடிக்கும்போது அந்தக் குஞ்சுகளும் அதன் வயிற்றுக்குள் போகின்றன. ஏறத்தாழ இரண்டு கிழமையில் அங்கே வளர்ந்து, நுளம்பின் வாய்ப் பகுதிக்கு வந்துவிடுகின்றன. அடுத்த கடியில் இன்னொரு நாய்க்கோ பூனைக்கோ போகும். முற்றத்தில் விளையாடும் பிள்ளைக்கும் போகலாம்.

பெரும்பாலான நாய்களில் வெளி அடையாளம் எதுவும் இராது. சிலவற்றுக்குச் சொறி, மயிர் உதிர்தல், தோலில் சிறு கட்டிகள் உண்டாகும். மனித உடலில் இப்புழு பொதுவாகப் பெருகுவதில்லை. ஒரு புழு தனியே அலைந்து கட்டியாக நிற்கும், அல்லது கண்ணின் வெண்பகுதியில் நெளியும். இலங்கையில் 1960களிலிருந்தே இத்தகைய நோயாளர் பதிவாகி வருகின்றனர். சிறு பிள்ளைகள் அதிகம். பிள்ளையின் முகத்திலோ கண் இமையிலோ விதைப்பையிலோ, இடம் மாறுகிற கட்டியைக் கண்டால் சூடு வைக்க வேண்டாம், ஊசியால் குத்த வேண்டாம். வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். சிறு சத்திரசிகிச்சையில் புழுவை எடுத்துவிட்டால் சுகமாகும்.

யானைக்கால் நோயின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்நோயை உண்டாக்கும் புழுக்களில் ஒன்றான புரூகியா மலாயி, மன்சோனியா என்ற நுளம்பால் பரவுவது. இந்த நுளம்பின் புழுப்பருவம் நீர்ச்செடிகளின் வேரில் குத்தி ஒட்டிக்கொண்டு மூச்சு விடுகிறது. அன்று சுகாதாரப் பகுதியினர் நீர்ச்செடிகளை அகற்றியும் மருந்து கொடுத்தும் 1960களின் முடிவில் இலங்கையில் இவ்வகையை ஒழித்தார்கள். யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏறக்குறைய நாற்பது வருடங்களாகக் காணாமற்போன புரூகியா, 2000களில் மீண்டும் சிலரின் இரத்தத்தில் தென்பட்டது. தேடிப் பார்த்தபோது நாய், பூனைகளின் இரத்தத்திலும் புரூகியா இருந்தது. ஆகவே மனிதருக்கு மாத்திரை கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுமா? ஆற்றுவாழை மூடிய நீர்நிலைகள் நம்மைச் சுற்றிலும் உண்டு.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். டெங்கும் மலேரியாவும் நாயிலிருந்து வருவதில்லை. நுளம்புக்குப் பயந்து நாயை அடித்துத் துரத்துவதில் நியாயமில்லை. வயற்காவலுக்கு அதைவிட்டால் யார்?

2007இல் படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு வந்து கொட்டில்களில் இருந்தவர்களுக்குத் தெரியும், இடம் நெருங்கினால் ஆளும் நாயும் ஒரே நுளம்புக்கு உணவு என்பது. நாயை எங்கே கட்டுகிறோம் என்பதே முதல் மருந்து. வாய்க்கால் ஓரத்திலும் மலசலகூடக் குழிக்கு அருகிலும் கட்டாதீர்கள். ஆமிஜெரஸ் என்ற பெரிய கறுப்பு நுளம்பு அழுக்குத் தண்ணீரில்தான் பெருகுகிறது. குழியின் வெடிப்பைப் பூசி, காற்றுக் குழாயின் வாயில் வலைத்துண்டு ஒன்றைக் கட்டுங்கள். நாயை மேடான, காற்று வரும் இடத்தில், பலகையும் சாக்கும் போட்டுப் படுக்க வையுங்கள். பழைய பெட்டி ஒன்றின் வாயில் கிழிந்த வலையைத் தைத்துத் தொங்கவிட்டால் நாய் தானாகவே நுழைந்து படுக்கப் பழகும். பூனையை அந்தியில் உள்ளே எடுத்துவிடுங்கள். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் ஊற்றிவிட்டு, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் விளிம்பில் ஒட்டியிருக்கும். சிரட்டை, பொச்சு, ரயர், கைவிட்ட தோணி எல்லாவற்றையும் பாருங்கள். "உவர்த் தண்ணீர்தானே" என்று விட்டுவிட முடியாது. இலங்கையின் கரையோரத்தில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, டெங்கு நுளம்பு உவர் கலந்த நீரிலும் வளர்வதைக் காட்டியது.

மருந்து விடயத்தில் நன்மை செய்யப் போய் உயிரைக் கொல்பவர் பலர். வயலுக்கு அடிக்கும் பூச்சிநாசினியை நாயின் மேல் தெளிக்கவே கூடாது. மண்ணெண்ணெய் தோலை எரிக்கும். நக்கினால் நுரையீரலைக் கெடுக்கும். நாம் கையில் பூசும் நுளம்பு விரட்டியும் அவற்றுக்கு ஆகாது. பெர்மெத்ரின் என்று எழுதியிருக்கும் நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டால் நடுக்கம், வலிப்பு கண்டு பூனை இறந்துபோகலாம். பூனையின் ஈரலால் அந்த மருந்தை உடைத்துக் கழிக்க முடியாது. நாய்க்குப் போட்ட அன்று பூனை அதை உரசிப் படுப்பதும் ஆபத்து. பூனை தன் உடலை ஓயாமல் நக்குவதால், எண்ணெய் எதையும் அதன்மேல் பூசாமல் விடுவதே நல்லது. மருந்தூட்டிய வலை காய்ந்திருந்தால் பயமில்லை. ஆனால் அந்த வலையை வாவியிலோ குளத்திலோ அலசாதீர்கள். இறாலும் மீனும் செத்துவிடும்.

மாதம் ஒருமுறை கொடுக்கும் புழுத்தடுப்பு மருந்துகள் நாய்க்கு உண்டு. விசர்நாய்த் தடுப்பூசிக்காக நாயைக் கொண்டு செல்லும் நாளில் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு துளி இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் வைத்தால் புழுக்குஞ்சுகள் நெளிவதைக் காணலாம். இரத்தத்தைப் பார்க்காமல் மருந்து தொடங்குவது சில நாய்களுக்கு ஆபத்தாகும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்ரின் போத்தலில் மீதி இருக்கிறதென்று நாய்க்கு ஏற்றிவிடாதீர்கள். நாய்க்குத் தேவையான அளவு அதில் மிகச் சிறு பங்குதான். அதை நாயின் எடை பார்த்து வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.