'எனக்கு ஒன்றும் வராது': நெடுந்தூர லோரி ஓட்டுநர்களும் எச்.ஐ.வி. கிருமியும்

தமிழ்நாட்டின் நாமக்கல், முட்டைக்கும் லோரிக்கும் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வட இந்தியாவுக்குப் புறப்படும் ஓட்டுநர்கள் வீடு திரும்பப் பல நாள் ஆகும். சில வேளைகளில் வாரக் கணக்காகும். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். அதன்பின் நெடுஞ்சாலைகளில் இந்நோய் பரவும் விதத்தை ஆராய்ந்தவர்கள் ஓட்டுநர்களிடம் பேசிப் பார்த்தார்கள். எய்ட்ஸ் என்ற சொல்லைப் பலரும் கேள்விப்பட்டிருந்தனர். ஆனாலும், "எனக்கு வராது" என்றே பலர் நம்பினர்.

எல்லா ஓட்டுநர்களும் தவறான உறவில் ஈடுபடுபவர்கள் அல்லர். ஆபத்தில் இருந்தும் அதை உணராதவர்களின் எண்ணத்தை மட்டுமே இங்கே ஆராய்வோம். அவர்களின் நம்பிக்கைகளுக்கு அறிவியல் என்ன பதில் சொல்கிறது?

உடல் சூடு

பழைய லோரிகளில் ஓட்டுநர் இருக்கையின் பக்கத்திலேயே இயந்திரம் இருக்கும். பல மணி நேரம் அதனருகே உட்கார்ந்தால் உடலில் சூடு ஏறும், அதை உடலுறவின் மூலம் தணிக்க வேண்டும் என்பது ஓட்டுநர்களிடையே பரவியிருந்த நம்பிக்கை. 'உடம்பு சூடு' என்பது நம் வீடுகளிலும் கேட்கும் பேச்சுதான். ஆனால் உடல் வெப்பத்தை ஏறக்குறைய 37 பாகை செல்சியஸில் வைத்திருப்பது மூளையின் ஹைப்போதலமஸ் பகுதி. வியர்வையும் தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் வெப்பத்தை வெளியேற்றும். ஓட்டுநருக்குத் தேவை தண்ணீர், நிழல், ஓய்வு.

கழுவினால் போதுமா?

உறவுக்குப் பிறகு சவர்க்காரம் அல்லது கிருமிநாசினியால் கழுவினால் பாதுகாப்பு என்று சிலர் எண்ணினர். கிருமி மென்மையான சளிச்சவ்வு வழியாக உடலுக்குள் நுழைகிறது. நுழைந்த கிருமியைக் கழுவி எடுக்க முடியாது. கடுமையான கிருமிநாசினி அச்சவ்வைப் புண்ணாக்கவும் கூடும். புண் இருந்தால் கிருமி நுழைவது இன்னும் எளிது.

பார்த்தால் தெரியுமா?

"ஆள் ஆரோக்கியமாகத்தான் இருந்தார்" என்பது மற்றொரு சமாதானம். தொற்றிய சில வாரங்களில் சிலருக்குச் சாதாரணக் காய்ச்சல் போல வந்து போகும். அப்போது இரத்தத்தில் கிருமி மிக அதிகம். பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் அதிகம். பிறகு, சிகிச்சை இல்லாத நிலையிலும் ஏறக்குறைய 10 ஆண்டுகள் வரை வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். உள்ளே சிடி4 எனும் வெள்ளை அணுக்கள் குறைந்துகொண்டே வரும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அவை 200-க்கும் கீழே இறங்கினால் அது எய்ட்ஸ் நிலை.

இதுவரை வரவில்லையே!

இதுதான் மிகவும் ஆபத்தான எண்ணம். தொற்றுள்ள ஒருவருடன் பாதுகாப்பின்றி ஒரு முறை உறவு கொள்ளும்போது கிருமி தொற்றும் வாய்ப்பு 1,000-இல் 1 என்று வைத்துக்கொள்வோம். ஆண்–பெண் உறவில் உண்மை அளவும் ஏறக்குறைய இதுவே. ஒரு முறை தப்பிக்கும் வாய்ப்பு 0.999. நூறு முறையும் தப்ப வேண்டுமானால் 0.999-ஐ நூறு முறை பெருக்க வேண்டும். விடை 0.905. அதாவது, தொற்றும் வாய்ப்பு 100-இல் 9-க்கும் மேல். ஐந்நூறு முறை என்றால் அது 39-ஐத் தாண்டும். வேறு பால்வினை நோயால் புண் இருந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

முதல் பத்து, இருபது முறை ஒன்றும் நேராததால் ஓட்டுநர் துணிவு கொள்கிறார். தொற்றியிருந்தாலும் உடல் பல ஆண்டுகள் காட்டிக்கொடுக்காது. சூடான பாத்திரத்தைத் தொட்டவர் உடனே கையை இழுத்துக்கொள்வார். எச்.ஐ.வி.யில் அந்த 'உடனே' இல்லை. எனவே சொந்த அனுபவத்தை இங்கே சான்றாகக் கொள்ள முடியாது. இரத்தப் பரிசோதனையே சான்று.

வீட்டில் இருப்பவருக்கு?

நோய்ப்பரவலை ஆராய்பவர்கள் ஓட்டுநர்களைப் 'பாலம்' போன்ற பிரிவினர் என்பர். சாலையில் தொற்றும் கிருமி அவர்கள் வழியாக வீட்டை அடைகிறது. கணவரைத் தவிர வேறு எவரையும் அறியாத மனைவியர் பலர் இப்படித் தொற்றுக்கு ஆளாயினர். ஓட்டுநர் போடும் ஆபத்துக் கணக்கில் பெரும்பாலும் விடுபட்டுப் போனவர் அவர்தான்.

தடுக்கும் வழிகள்

1995-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏபேக் திட்டம் ஓட்டுநர்களைத் தேடிச் சென்று விழிப்புணர்வு ஊட்டியது. அன்று சொன்ன வழிகளோடு இன்று புதிய மருந்துகளும் சேர்ந்துள்ளன.

• ஒவ்வொரு முறையும் சரியாக ஆணுறை அணிதல்.
• பால்வினை நோய்களுக்கு உடனே சிகிச்சை பெறுதல்.
• பரிசோதனை செய்துகொள்ளுதல். தொற்றிய முதல் சில வாரங்களில் முடிவு 'இல்லை' எனக் காட்டலாம். மருத்துவர் சொல்லும் காலத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும்.
• தொற்று இருந்தால் தினமும் மருந்து உட்கொள்ளுதல். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் பிறருக்குத் தொற்றாது.
• ஆபத்து அதிகமுள்ளவர்கள் மருத்துவர் ஆலோசனையுடன் முன்தடுப்பு மாத்திரை எடுத்தல்.

சிந்திக்க

1. ஒரு முறை தொற்றும் வாய்ப்பு 500-இல் 1 என்றால், நூறு முறையில் அது எவ்வளவு? கணிப்பான் கொண்டு கண்டுபிடிக்கவும்.
2. அறிகுறி தாமதமாகத் தெரியும் வேறு இரண்டு நோய்களைக் கூறுக. அவற்றிலும் மக்கள் ஆபத்தைக் குறைவாக எடைபோடுவது ஏன்?