மச்சில் குடியேறும் மரநாய்

இரவு வீடு அடங்கிய பிறகு, மச்சில் யாரோ நடமாடுவது போல ஒரு சத்தம். எலியின் ஓட்டமாகத் தெரியவில்லை. கனமான காலடியாகக் கேட்கிறது. சில நாட்களில் பலகையில் ஈரக் கறை, மூக்கைத் துளைக்கும் நாற்றம். வலியசாலை, கரமனை, கோட்டைப் பகுதி அக்கிரகாரங்களில் பழைய ஓட்டு வீடுகளில் வாழ்வோருக்கு இது புதிதல்ல. வந்திருப்பவர் பெரும்பாலும் மரநாய்.

மலையாளத்தில் இதற்கு மரப்பட்டி என்று பெயர். பட்டி என்றால் நாய். ஆகவே இரு மொழியினரும் ஒரே பெயரைத்தான் சூட்டியிருக்கிறோம். உண்மையில் இது நாயுமல்ல, பூனையுமல்ல. புனுகுப் பூனையின் குடும்பத்தைச் சேர்ந்தது. எடை சுமார் 2 முதல் 5 கிலோ வரை. பகலில் உறங்கி, இரவில் இரை தேடும். மா, பலா, சப்போட்டா, பனம்பழம் முதலியவை இதற்கு விருப்பமானவை. எலியையும் பூச்சிகளையும் கூடத் தின்னும். தின்ற பழங்களின் விதைகளை எச்சத்தின் வழியே பல இடங்களில் பரப்புவதால் மரங்கள் பெருகவும் உதவுகிறது.

இந்தத் தொல்லை ஏழை, பணக்காரர் என்று பார்ப்பதில்லை. 2024 பிப்ரவரியில் அப்போதைய கேரள முதலமைச்சர் பினராயி விஜயன், நந்தன்கோட்டிலுள்ள கிளிஃப் ஹவுஸ் என்னும் தமது அரசு இல்லத்திலேயே மரநாய்த் தொல்லை இருப்பதாக ஒரு விழாவில் கூறினார். இஸ்திரி போட்ட சட்டையை வெளியே வைக்க முடியவில்லை, குடிநீரைத் திறந்து வைக்க முடியவில்லை என்று அவர் சொன்னது அன்று பெரிதும் பேசப்பட்டது.

அது ஏன் நம் வீட்டுக்கு வருகிறது? பெரிய மரங்களின் பொந்துதான் அதன் இயற்கையான இருப்பிடம். நகரம் வளர வளர, பொந்துள்ள முதுமரங்கள் குறைந்துவிட்டன. இருட்டும் உலர்ந்த சூடும் உள்ள மச்சு, அதற்கு இன்னொரு மரப்பொந்துதான்.

கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் விட்டுவிடலாமே என்று பலருக்கும் தோன்றும். இது மூன்று காரணங்களால் தவறு. முதலாவது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட விலங்கு. அனுமதியின்றிப் பிடிப்பதும் விஷம் வைப்பதும் குற்றம். இரண்டாவது, ஓட்டிலுள்ள வழி திறந்தே இருந்தால், ஒன்று போன இடத்துக்கு மற்றொன்று வரும். மூன்றாவது, பிடிபட்டது தாயாக இருந்தால் குட்டிகள் மச்சிலேயே பட்டினி கிடந்து சாகும்.

ஆஸ்திரேலியாவில் குடியேறிய நம் உறவினர்களுக்கும் இதே அனுபவம் உண்டு. அங்கே கூரைக்குள் வருவது பாசம் என்னும் விலங்கு. சிட்னி நகரம் உள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், உரிமம் பெற்றுப் பிடித்தாலும், பிடித்த இடத்திலிருந்து 150 மீட்டருக்குள்தான் அதை விட வேண்டும். பழக்கமில்லாத இடத்தில் கொண்டுவிட்டால் அது பிழைப்பது அரிது. ஆகவே அங்கும் சரியான வழி, விலங்கை அப்புறப்படுத்துவதல்ல; அது வெளியே போயிருக்கும்போது வாசலை அடைப்பதே.

அதைச் செய்யும் முறை வருமாறு:

1. வழியைக் கண்டுபிடியுங்கள். அந்தி மங்கும் நேரத்தில் முற்றத்தில் நின்று, எந்த இடைவெளி வழியாக அது வெளியேறுகிறது என்று பாருங்கள். உத்திரத்தின் மேல் கொஞ்சம் கோதுமை மாவு தூவினால் காலடித் தடம் காட்டிக் கொடுக்கும்.

2. குட்டி இருக்கிறதா என்று கவனியுங்கள். மெல்லிய முனகல் கேட்டால், குட்டிகள் தாயோடு வெளியே போகத் தொடங்கும் வரை சில வாரங்கள் பொறுத்திருங்கள். இந்தப் பொறுமையே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

3. இருட்டைப் போக்குங்கள். மச்சில் ஒரு விளக்கு எரியட்டும். பகலில் வானொலி பாடட்டும். நாலைந்து ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தால் பகல் வெளிச்சம் வரும்; அது விரும்பாத இடமாக மச்சு மாறும்.

4. அது வெளியே போன இரவில் வாசலை அடையுங்கள். முதலில் செய்தித்தாளைக் கசக்கித் துவாரத்தில் செருகி வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாள் கலையாமல் இருந்தால் உள்ளே எதுவும் இல்லை என்று கொள்ளலாம். அதன்பின் கெட்டியான கம்பி வலையும் சிமெண்டும் கொண்டு மூடுங்கள். மூடிய பிறகு உள்ளே பிறாண்டும் சத்தம் கேட்டால் உடனே திறந்துவிடுங்கள்.

5. கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். பழுத்த வாழைக்குலையைத் திண்ணையில் தொங்கவிடாதீர்கள்.

6. சுத்தம் செய்யும்போது முகமூடியும் கையுறையும் அணிந்து, எச்சத்தை நனைத்த பிறகே வாருங்கள்.

வெறுங்கையால் அதைத் தொடவே கூடாது. கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, வெறிநாய்க்கடி ஊசிக்காக உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அறைக்குள் சிக்கிக்கொண்டாலோ, அடிபட்டுக் கிடந்தாலோ வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

அக்கிரகாரத்து வீடுகளுக்கு இன்னொரு செய்தி. நம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, கூரையும் அப்படியே. ஒரு வீட்டார் மட்டும் அடைத்தால் அது அடுத்த வீட்டுக்குப் போகும். தொல்லை இடம் மாறுமே தவிரத் தீராது. இடவப்பாதி மழைக்கு முன் ஓடு மாற்றும் வேலையைத் தெருவார் எல்லோரும் சேர்ந்து ஒரே வாரத்தில் செய்தால் செலவும் குறையும், பயனும் நிலைக்கும். தோட்டத்தில் பொந்துள்ள ஒரு பழைய மரம் இருந்தால் அதை வெட்டாமல் விடுங்கள். அது போய்த் தங்க ஓர் இடம் இருந்தால்தான் நம் மச்சை விட்டுவைக்கும்.