வாங்குவோர் கடமை

உண்பொருள்களைச் செய்து விற்பது தமிழகத்தின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்றாகும். காவிரிப்பூம்பட்டினத்து மருவூர்ப்பாக்கத்தின் சிறப்பைக் கூறும் சிலப்பதிகாரம், பிட்டு விற்கும் காழியரையும் அப்பம் விற்கும் கூவியரையும் குறிப்பிடுகின்றது. பகற்பொழுதில் நடைபெறும் நாளங்காடியையும் இரவில் நடைபெறும் அல்லங்காடியையும் மதுரைக் காஞ்சி விரிவாகக் காட்டுகின்றது. பேரரசரையும் பெருவணிகரையும் பாடிய புலவர்கள், தெருவோரத்தில் பிட்டும் அப்பமும் விற்ற எளிய மக்களையும் மறந்தார் அல்லர். கோட்டையும் கோயிலும் மட்டுமே ஊர் ஆகா. உழைத்துச் செய்வோரும், செய்ததை வாங்கி உண்போரும் ஒருவரையொருவர் சார்ந்து வாழும் இடமே ஊர் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கும் உண்பொருள்கள் இன்றும் பல உள்ளன. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா, மணப்பாறை முறுக்கு, திருநெல்வேலி அல்வா, கோவிற்பட்டிக் கடலை மிட்டாய், உடன்குடிக் கருப்பட்டி என்னும் பெயர்களை அறியாதார் தமிழகத்தில் மிகச் சிலரே. ஒரு பொருளுக்கு ஊரின் பெயர் அமைவது எளிதில் நிகழ்வதன்று. அவ்வூரின் மண்ணும் நீரும் ஒத்துழைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பழகிய கைத்திறன் வேண்டும். அளவிலும் தரத்திலும் பிறழாத நேர்மை வேண்டும். இவை யாவும் கூடியபோதே ஊரின் பெயர் பொருளின் பெயராயிற்று.

இவற்றுள் இறுதியாகக் கூறிய இரண்டும் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தவை. இரண்டும் இனிப்புப் பொருள்கள். இரண்டும் கைத்தொழிலால் விளைபவை. ஆயினும் ஒன்று தழைத்து நிற்க, மற்றொன்று தளர்ந்து வருகின்றது. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்தால், நாள்தோறும் கடைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய உண்மை ஒன்று புலப்படும்.

கோவிற்பட்டி கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த ஊர். வானத்தை நம்பி உழவு நடைபெறும் அந்நிலத்தில் நிலக்கடலை விளைகின்றது. அக்கடலையை வறுத்து, தோலைப் போக்கி, பருப்பை இரண்டாக உடைத்துப் புடைத்து எடுப்பர். வெல்லத்தை நீரில் கரைத்து, கசடு நீங்க வடிகட்டி, அடுப்பில் ஏற்றிப் பாகு காய்ச்சுவர். பாகு இளகலாக இருந்தால் மிட்டாய் பல்லில் ஒட்டும். அளவுக்கு மீறி முற்றினால் கசக்கும். தேர்ந்த தொழிலாளி ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தே பதத்தை அறிந்துகொள்வார். பதம் வந்ததும் பருப்பைக் கொட்டிக் கிளறிப் பலகையில் பரப்புவர். உருளையால் தேய்த்துச் சமப்படுத்துவர். சூடு ஆறுவதற்குள் துண்டுகளாக வெட்டுவர். சற்றுக் காலம் தாழ்த்தினும் பாகு இறுகிவிடும்.

தொடக்கத்தில் கருப்பட்டிப் பாகில் செய்யப்பட்டு வந்த இம்மிட்டாய், 1940-ஆம் ஆண்டுகளில் கரும்பு வெல்லத்திற்கு மாறியது என்பர். அன்று முதல் அதன் புகழ் ஊரைக் கடந்து பரவியது. இன்று கோவிற்பட்டி வழியே செல்லும் பயணிகள் ஒரு பொட்டலமாவது வாங்காமல் திரும்புவது அரிது. அப்பொட்டலத்தின் விலையில் கடலை விளைத்த உழவருக்கும், வெல்லம் காய்ச்சியவருக்கும், வறுத்துப் புடைத்த பெண்களுக்கும், பாகு கிண்டியவருக்கும், கடை வைத்திருப்பவருக்கும் பங்கு உண்டு. வாங்குவோர் குறையாமையால் அவ்வூரில் அடுப்பும் அணையவில்லை.

இனி, கருப்பட்டியின் நிலையைக் காண்போர் வேறொரு காட்சியைக் காண்பர். திருச்செந்தூரை அடுத்த உடன்குடிப் பகுதி மழை குறைந்தது. செம்மணல் பரந்த தேரி நிலம் சூழ்ந்தது. பிற பயிர்கள் வாடும் அம்மண்ணில் பனை ஓங்கி வளர்கின்றது. பனையேறும் தொழிலாளி விடியுமுன் எழுவார். காலில் தளைநாரை மாட்டி, இடையில் பாளை அரிவாளையும் குடுவையையும் கட்டிக்கொண்டு 50, 60 அடி உயரமுள்ள மரத்தில் ஏறுவார். பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவி, கலயத்தில் ஊறியிருக்கும் பதநீரை இறக்குவார். பதநீர் புளித்துக் கள்ளாகாதிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார். ஒரு நாளில் முப்பது, நாற்பது மரங்கள். அவற்றிலும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை! கால் சிறிது வழுவினால் உயிருக்கே கேடு.

இறக்கிய பதநீரை வடிகட்டிக் காய்ச்சும் வேலை பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்களுடையது. கோடைக் கொளுத்தலில், கொதிக்கும் பாத்திரத்தின் அருகே மணிக்கணக்காக நின்று, பொங்கும்போது அடக்கி, அடி பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருத்தல் வேண்டும். பாகு பதமானதும் தேங்காய்ச் சிரட்டைகளில் வார்த்து ஆற வைப்பர். ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் காய்ந்து சுண்டினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். ஆண்டில் சில மாதங்களே பதநீர் ஊறும். எஞ்சிய மாதங்களில் வேறு வேலை தேடுதல் வேண்டும்.

இத்துணை உழைப்பில் விளைந்த பொருளின் விலை, ஆலையில் செய்த வெள்ளைச் சர்க்கரையின் விலையைப் போலப் பல மடங்காக இருப்பதில் வியப்பில்லை. ஆனால், விலை ஒன்றையே நோக்குவோர் கருப்பட்டியையும் மலிவாகக் கேட்டனர். மலிவாகக் கேட்டவர்க்கு மலிவானதையே கொடுக்கச் சிலர் முற்பட்டனர். வெள்ளைச் சர்க்கரையைப் பாகில் கலந்து, கருப்பட்டி என்னும் பெயரால் விற்கலாயினர். கலப்புப் பொருள் கடைத்தெருவில் பெருகவே, தூய பொருளைச் செய்தவர் அதற்குரிய விலையைக் கேட்க முடியாமல் தவித்தார். 'ஒரே பொருளுக்கு இவர் மட்டும் மிகுதியான விலை கூறுகின்றாரே!' என்று வாங்குவோர் அவரையே ஐயுற்றனர். நேர்மை நட்டமாகவும் கலப்பு ஊதியமாகவும் ஆன இடத்தில் தொழில் எங்ஙனம் தழைக்கும்? பனையேறிய தந்தை, தம் மக்களை வேறு தொழிலுக்கு அனுப்பினார். அவர்மீது குறை கூறுதல் அறமாகாது. உயிரைப் பணயம் வைத்து உழைத்தும் வயிறு நிறையாத தொழிலை எவர்தாம் விரும்புவர்?

இத்தொழில்களைக் காக்க அரசு முயலாமல் இல்லை. ஓர் ஊருக்கே உரிய பொருளின் பெயரைப் பிறர் எடுத்தாளாதவாறு தடுக்கும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2003-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கான பதிவகம் சென்னையில் உள்ளது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டிலும், கோவிற்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ஆம் ஆண்டிலும், மணப்பாறை முறுக்கும் உடன்குடிக் கருப்பட்டியும் 2023-ஆம் ஆண்டிலும் இக்குறியீட்டைப் பெற்றன. பனை, தமிழ்நாட்டின் மாநில மரம் என்னும் சிறப்பை உடையது. மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனைமரத்தை வெட்டலாகாது என்று 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஆணையிட்டது.

இவை யாவும் போற்றத்தக்க செயல்களே. ஆயினும் சட்டத்தின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. சட்டம் பொருளின் பெயரைக் காக்கும். அப்பொருளை வாங்குமாறு எவரையும் வற்புறுத்த அதனால் இயலாது. சட்டம் மரத்தை வெட்டாமல் காக்கும். மரத்தில் ஏறுவோரை உண்டாக்க அதனால் இயலாது. பனை விதையை இன்று ஊன்றினால் அது பாளை விடுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவ்வளவு காலம் காத்திருந்தும், அன்று பாளை சீவத் தெரிந்த கை ஒன்றும் இல்லையாயின் அம்மரத்தால் விளையும் பயன் என்ன? கைத்திறன் நூலைப் படித்து அடையும் கல்வி அன்று. தந்தையின் அருகில் நின்று மகனும், தாயின் அருகில் நின்று மகளும் கண்டு பழகுவது. ஒரு தலைமுறையில் அத்தொடர் அறுந்துவிட்டால், மீண்டும் முடிச்சிடுதல் அரிது. அத்தொடரை அறாமற் காக்கும் ஆற்றல் பொருளை வாங்குவோரிடமே உள்ளது.

இவ்வுண்மையை வற்புறுத்திய பெரியார்களுள் ஜே. சி. குமரப்பா தலைசிறந்தவர். 1892-ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் பிறந்த இவர், அமெரிக்காவில் பொருளியல் கற்றவர். காந்தியடிகள் 1934-ஆம் ஆண்டில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, அதனை முன்னின்று நடத்தும் பொறுப்பை இவரிடமே ஒப்படைத்தார். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம் ஆகியவற்றின் பெருமையை நாடெங்கும் இவர் பரப்பினார். மணற்பாங்கான நிலத்தில் தானே வளரும் பனையிலிருந்து இனிப்பைப் பெற்றால், நல்ல நன்செய் நிலத்தை உணவுத் தானியங்களுக்கு விடலாம் என்பது இவர் கருத்து. ஒரு பொருளை வாங்குவோர், அப்பொருள் உருவான வழியின் நன்மை தீமைகளிலும் பங்கு பெறுகின்றனர் என்று இவர் கருதினார். உழைப்பவரை வாட்டிச் செய்த பொருளை மலிவு கருதி வாங்குவோர், அவ்வாட்டத்திற்கும் துணை நிற்கின்றனர். நேர்மையாகச் செய்த பொருளை உரிய விலை கொடுத்து வாங்குவோர், அந்நேர்மையைப் பேணி வளர்க்கின்றனர்.

செய்வோரையும் வாங்குவோரையும் இணைக்கும் பாலமாக விளங்குவது ஊரிலுள்ள சிறுகடை. தெருமுனை மளிகைக் கடைக்காரர், தம்மிடம் வரும் கருப்பட்டி எவர் வீட்டில் காய்ச்சியது என்பதை அறிவார். எண்ணெய் எந்தச் செக்கில் ஆட்டியது என்பதையும் அறிவார். பொருளில் குறை இருந்தால், வாங்கியவர் மறுநாளே அவர் முகத்திற்கு நேரே கேட்கலாம். ஆதலால் நற்பெயரைக் காத்துக்கொள்வது அவருக்கு இன்றியமையாதது. கால் கிலோ பருப்பும் ஐம்பது கிராம் மிளகும் வேண்டுவோர்க்கு அவர் முகங்கோணாமல் நிறுத்துக் கொடுப்பார். மாத இறுதியில் கையில் பணமில்லாத குடும்பத்திற்குக் கணக்கேட்டில் எழுதிக்கொண்டு பொருள் தருவார். தொலைவிலுள்ள பெரிய அங்காடியில் அழகிய உறைகள் கிடைக்கும். பெயர் அறிந்து, குடும்பம் அறிந்து, இடர் வந்தபோது பொறுத்துக்கொள்ளும் நெஞ்சம் அங்கே கிடைத்தல் அரிது.

இதனால் ஆலைப் பொருள்கள் யாவும் தீயவை என்றோ, கைப்பொருள்கள் யாவும் தூயவை என்றோ கொள்ளுதல் தவறு. ஆலைத் தொழிலும் பல்லாயிரவர்க்கு வாழ்வளிக்கின்றது. குறைந்த வருவாயில் குடும்பம் நடத்துவோர் விலையைப் பார்த்தே வாங்குதல் இயல்பு. அவர்களைப் பழித்தல் தகாது. எல்லாப் பொருள்களையும் கைத்தொழிலாளரிடமே வாங்க வேண்டும் என்பதும் இல்லை. மாதம் ஒரு முறை வாங்கும் எண்ணெயில் ஒரு பங்கு, திருநாளுக்கு வாங்கும் இனிப்பில் ஒரு பங்கு, உறவினர்க்குக் கொண்டு செல்லும் பண்டத்தில் ஒரு பங்கு என இயன்ற அளவில் வாங்கினாலே போதும். சிறுதுளி பெருவெள்ளம் என்னும் பழமொழி சேமிப்போர்க்கு மட்டும் உரியதன்று. செலவிடுவோர்க்கும் அது பொருந்தும்.

செய்வோர்க்கும் கடமை உண்டு. ஊரின் பெயரால் விற்கும் பொருளில் கலப்புச் செய்பவர், தமக்கு மட்டும் அன்றித் தம் ஊர் முழுமைக்கும் பழி தேடுகின்றார். தூய்மையான இடத்தில் செய்தலும், சரியாக நிறுத்தலும், செய்த நாளை மறையாது கூறுதலும் அவர் கடமைகளாகும். பழைய காலப் புகார் நகரத்து வணிகர், கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காமலும் வாழ்ந்ததைப் பட்டினப்பாலை புகழ்கின்றது. அந்நெறி இக்காலத்துச் சிறுதொழிலாளர்க்கும் சிறுவணிகர்க்கும் ஏற்ற நெறியேயாகும். வாங்குவோரின் பரிவு ஒரு முறை கடைக்கு அழைத்து வரும். பொருளின் தரமே மறுமுறையும் அழைத்து வரும்.

அன்றாட வாழ்வில் மனிதர் செய்யும் செயல்களுள் மிகச் சிறியதாகத் தோன்றுவது கடைக்குச் சென்று பொருள் வாங்குவது. அச்சிறு செயலில் ஒரு பெரிய முடிவு அடங்கியிருக்கின்றது. எந்த அடுப்பு நாளையும் எரிய வேண்டும், எந்தக் கடை நாளையும் திறக்க வேண்டும், எந்தக் கைத்திறன் அடுத்த தலைமுறைக்குச் செல்ல வேண்டும் என்பவற்றை வாங்குவோர் தம்மை அறியாமலே நாள்தோறும் முடிவு செய்கின்றனர். அறியாமல் செய்வதை அறிந்து செய்தலே கல்வியின் பயன். 'இஃது எவ்வளவு மலிவு?' என்று கேட்பதோடு நில்லாமல், 'இதனைச் செய்தவர் யார்? அவருக்கு உரிய கூலி கிடைத்ததா?' என்றும் கேட்கப் பழகுவோர் பெருகுவாராயின், பனையும் ஓங்கும். பனையேறுவோர் குடியும் ஓங்கும்.