பேனா மீட்டருக்குக் கிருமி தெரியாது

நம்பிக்கை: டி.டி.எஸ். மீட்டர் இருக்கும்போது லேப் எதற்கு?

சென்னையில் அடுக்குமாடிச் சங்கக் கூட்டம் எதற்குப் போனாலும் இது காதில் விழாமல் திரும்ப முடிவதில்லை. "சார், நம்ம தண்ணி 180தான் காட்டுது. கேன் வாட்டரே தோத்துடும். டெஸ்ட்டுக்குப் போய் ஏன் காசைக் கொட்டணும்?" சொல்பவர் கையில் பேனா அளவுக்கு ஒரு கருவி இருக்கும். ஆன்லைனில் சில நூறு ரூபாய். சங்கக் கூட்டத்தோடு போனாலும் பரவாயில்லை. நகரத்துக்கு ஆய்வகங்கள் போதாது, நிதி வேண்டும் என்று பேச்செடுத்தால், வார்டுக்கு ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்தால் தீராதா என்று கேட்கிறார்கள், நன்றாகப் படித்தவர்களே.

தீராது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அந்தக் கருவி பார்க்கிறது. அதை வைத்து, கரைந்த உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று ஒரு மதிப்பு சொல்கிறது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. கிருமி உப்பு அல்ல. அரிசியைத் தராசில் வைத்துவிட்டு, கல் இல்லை என்று சத்தியம் செய்வது போன்ற வேலை இது.

நம்பாதவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீர், டி.டி.எஸ். 300. அதில் ஒரே ஒரு மில்லி சாக்கடை நீர் கலக்கிறது, அதன் டி.டி.எஸ். 800 என்று வையுங்கள். கலந்தபின் அளவு அரைப் புள்ளி ஏறும். திரையில் வருவது முழு எண். ஆகவே மீட்டர் பழைய கதையையே சொல்லும். ஆனால் வீட்டுக் கழிவுநீரில் ஒரு மில்லியிலேயே ஈ.கோலை பத்தாயிரம் சாதாரணமாக இருக்கும். அதாவது உங்கள் டம்ளரில் 100 மில்லிக்கு ஆயிரம். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் 100 மில்லியில் ஒன்றைக்கூட அனுமதிப்பதில்லை.

இது கற்பனைக் கணக்கு என்று தள்ளவும் முடியாது. பல தெருக்களில் தண்ணீர் வருவது சில மணி நேரம்தான். மற்ற நேரம் குழாயில் அழுத்தம் கிடையாது. விரிசல் இருந்தால் பக்கத்தில் கசியும் சாக்கடையைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உலோகங்கள் விஷயம் இன்னும் மோசம். ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மீட்டரின் மிகச் சிறிய படியே 1 மில்லிகிராம், அந்த எல்லையைப் போல் நூறு மடங்கு. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் 2014-ல் காசை மிச்சம் பிடிக்க நீராதாரத்தை மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீட்டுக்குள் வந்தது. அதிகாரிகள் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்க, 2015-ல் வீடு வீடாக எடுத்த மாதிரிகளும் குழந்தைகளின் ரத்தப் பரிசோதனையும்தான் உண்மையைச் சொல்லின. இரண்டுமே ஆய்வக வேலை.

நம் ஊருக்கும் ஒரு கணக்கு உண்டு. 2019 நவம்பரில் மத்திய நுகர்வோர் அமைச்சகம் மாநிலத் தலைநகரங்களின் குழாய்த் தண்ணீரை வரிசைப்படுத்தியது. சென்னையில் எடுத்த 10 மாதிரிகளும் தேறவில்லை, மும்பையில் எடுத்த 10-ம் தேறின. கொஞ்ச நாள் கூச்சல். பத்துப் பாட்டிலை வைத்து ஒரு மாநகரத்தைப் பழிப்பதும் தப்பு, புகழ்வதும் தப்பு. ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம்: 50,000 பேருக்கு ஆண்டுக்கு 12 மாதிரி, அதற்கு மேல் 600. எழுபது லட்சம் பேர் என்றால் 2,280. இது மலக்கிருமிச் சோதனைக்கு மட்டும்.

நம்பிக்கை: கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும்.

கிருமி சாகும். நைட்ரேட்டும் ஆர்சனிக்கும் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தியாகும்.

நம்பிக்கை: குளோரின் வாசனை வந்தால் தண்ணீர் கெட்டது.

நேர்மாறு. குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். குளோரின் துளியும் இல்லையென்றால்தான் கவலை.

நம்பிக்கை: ஃபில்டர் விற்க வந்தவர் தண்ணீரில் மின்சாரக் கம்பியை விட்டுக் காட்டினார், தண்ணீர் பழுப்பாகிவிட்டது.

பழுப்பானது அந்தக் கம்பியின் இரும்பு. விற்பனையாளருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நம்பிக்கை: சாக்கடையைப் போய் சோதிப்பது வெட்டிச் செலவு.

நோயாளி டாக்டரிடம் போவதற்கு முன்பே நோய் சாக்கடைக்கு வந்துவிடும். மும்பையில் 2001 முதல் கழிவுநீரில் போலியோ வைரஸைத் தேடுகிறார்கள். லண்டனில் 2022-ல் போலியோ வைரஸ் தலைகாட்டியதும் பெக்டன் நிலையக் கழிவுநீரில்தான். கால் முடங்கிய குழந்தை வந்து நிற்கும்வரை அங்கே காத்திருக்கவில்லை.

பணத்துக்கு வருகிறேன். குழாய் பதிக்க நிதி வரும், சுத்திகரிப்பு நிலையத்துக்கு அடிக்கல் விழும். ஆய்வகத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் மீடியா பொடிக்கும், பாத்திரங்களைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் பழுதுக்கும், மின்சாரம் போனாலும் சூடு இறங்காத இன்குபேட்டருக்கும் யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. கிராமங்களுக்கான ஜல் ஜீவன் திட்டத்தில் தரக் கண்காணிப்புக்கென்று 2 சதவீதம் வரை ஒதுக்க இடமிருக்கிறது. மாநகர பட்ஜெட்டிலும் அப்படிப் பெயர் சொல்லி ஒரு தலைப்பு வேண்டும். அந்தத் தலைப்பில் முதல் செலவு என்னைக் கேட்டால் ஐஸ் பெட்டி. எத்தனை முறை சொல்லிவிட்டேன்! சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து வந்த பாட்டிலைச் சோதித்து வரும் எண்ணுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. மாதிரி எடுப்பவருக்குப் பெட்டி, ஐஸ், வண்டிப்படி, வேலை நிரந்தரம், எல்லாம் வேண்டும்.

உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்க்க நினைத்தால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் நீர்ப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், குளோரினை முறிக்கும் தயோசல்பேட் போட்டது. அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் நின்று, வாங்க மறுக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.